கலர்க்காரர் கண்ணில் விழுந்த தூசி

அடிபட்ட கார்களைச் சரிசெய்யும் அந்தக் கொட்டகையில் அவரை எல்லோரும் கலர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கதவில் கீறலோடு ஒரு வண்டி வந்து நின்றால், வாசல் வெளிச்சத்தில் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். ஒரு சொட்டு கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள் என்று முணுமுணுத்துக்கொண்டே கலக்குவார். அடித்து முடித்தால் எது பழைய பூச்சு, எது புதுசு என்று வண்டிக்காரருக்கே தெரியாது. இருப்பதிலேயே கஷ்டம் வெள்ளைதான். வெள்ளையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதைத் தினம் நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவருக்குப் பக்கத்திலேயே அவர் மச்சினன், மனைவியின் தம்பி, பட்டி தேய்ப்பான். நசுங்கிய தகரத்தில் பட்டி பூசி, காய்ந்ததும் மெஷினை வைத்துத் தேய்த்தால் மாவு மாதிரி தூசி கிளம்பும். பெருந்தூசி தரையில் விழுந்துவிடும், பெருக்கி அள்ளலாம். பொடித் தூசி விழாது. மெஷினை நிறுத்திய பிறகும் வெயில் விழுகிற இடத்தில் அந்தரத்தில் நிற்கும், யாருக்கோ காத்திருப்பதுபோல. மூக்குக்குத் துணி கட்டினார்கள். கண்ணைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

இருவருக்கும் கண் எரிந்து சிவந்தது, மண் விழுந்த மாதிரி உறுத்தியது, காலையில் இமை ஒட்டிக்கொண்டது. அதற்கென்று கொட்டகை அலமாரியில் ஒரு கண் சொட்டு மருந்து பாட்டில் இருந்தது. எப்போதோ, யாருக்கோ, ஒரு டாக்டர் ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்தது. தீரத் தீர மெடிக்கல் ஷாப்பில் காலி பாட்டிலைக் காட்டி வாங்கினார்கள். அப்படியே வருஷங்கள் ஓடின. விட்டதும் சிவப்பு மாயமாக மறையும். கலர்க்காரர் பாட்டிலைத் தூக்கினாலே மச்சினன் அவர் குரலிலேயே ஆரம்பித்துவிடுவான்: "ஒரு சொட்டு கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள், மாமா கண்ணுக்கு ரெண்டு சொட்டு." சொல்லி முடித்ததும் பாட்டிலை வாங்கித் தன் கண்ணிலும் விட்டுக்கொள்வான்.

பிறகு பொருள்கள் அவரிடம் வம்பு பண்ண ஆரம்பித்தன. திறந்திருந்த கார்க் கதவு வலது தோளில் வந்து இடித்தது. வீட்டில் வலது பக்கம் வைத்த தண்ணீர் டம்ளர் அவர் கை பட்டு உருண்டது. இதை யார் இங்கே வைத்தது என்று கத்தினார். தினமும் வைக்கிற இடம்தான் என்றாள் மனைவி. அன்றிலிருந்து டம்ளரை இடது பக்கம் வைத்தாள். அவர் அதையும் கவனிக்கவில்லை.

ஒருநாள் ஒரு வெள்ளைக் கார். கலந்து, அடித்து, காயவைத்து, வண்டியை வெயிலுக்குத் தள்ளினார்கள். மச்சினன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, இந்தக் கதவு மட்டும் பழுப்பா இருக்கே."

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுடா. ரெண்டும் ஒண்ணுதான்."

தகர டப்பாவைத் திட்டினார், வெயிலைத் திட்டினார், பெயிண்ட் கம்பெனிக்காரனின் பரம்பரையையே திட்டினார். முதலாளி வந்து பார்த்தார், தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னார், போய்விட்டார். மற்ற நாளாக இருந்தால் கொட்டகையே சிரித்திருக்கும். அன்று ஒருத்தரும் கிண்டல் செய்யவில்லை. கலர்க்காரர் மறுபடி தலையைச் சாய்த்து அந்தக் கதவைப் பார்த்தார்.

மனைவி அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். வழித்துணைக்கு மச்சினனும் வந்தான். அவருக்கு ஒரே ஒரு கணக்குதான்: கண் சரியில்லை என்று தெரிந்தால் முதலாளி வேறு ஆள் பார்த்துவிடுவார். கலர் பார்க்கத் தெரியாத கலர்க்காரரை யார் வைத்துக்கொள்வார்கள்?

வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். ஒரு கண்ணை மறைத்தார்கள். ஓரங்களில் வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். இது பரீட்சை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அதன் தாளம் பிடிபட்டது. தெரிந்தாலும் அமுக்கினார், தெரியாவிட்டாலும் அமுக்கினார். வெளியே வந்து, ஒன்றுகூட விடவில்லை என்று மச்சினனிடம் மீசையை முறுக்கினார்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வெளிச்சமே வராதப்பவும் அமுக்கியிருக்கீங்க."

"கைப்பழக்கம் மேடம்."

"மெஷினை ஏமாத்தி என்ன பண்ணப் போறீங்க? தூசி கண்ணைப் புண்ணாக்கியிருக்கு. அதை அடக்க நீங்க ஊத்துன மருந்து கண்ணுக்குள்ள அழுத்தத்தை ஏத்திடுச்சு. கண்ணுல இருக்கிற லென்ஸ் மங்கியிருக்கு, நிறம் சரியாத் தெரியாது, அதை மாத்திக்கலாம். அந்த அழுத்தத்துல செத்த நரம்பு அப்படியில்ல, போனது போனதுதான். எவ்வளவு போயிருக்குன்னு தெரிஞ்சாதான் மிச்சத்தைக் காப்பாத்த முடியும்."

பிறகு, அந்த மருந்தை வேறு யாராவது ஊற்றுகிறார்களா என்று கேட்டார்.

மனைவி மெதுவாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் கண் இரண்டும் துளிச் சிவப்பில்லாமல் பளிச்சென்று இருந்தன. அவன் கை மருந்து பாட்டில் இருந்த சட்டைப் பைக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது.

அடுத்து மச்சினனையும் பார்க்க வேண்டும், முதலில் நீங்கள் இன்னொரு தடவை மெஷினுக்குப் போங்கள் என்றார் டாக்டரம்மா.

"ஏங்க," என்றாள் மனைவி கதவருகில், "தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க. வேலையை அப்புறம் பாத்துக்கலாம்."

மெஷினை ஓட்டும் பையன் முதலில் வலது கண்ணை மறைத்தான். இடது கண்ணுக்கு விரல் அங்கொன்றும் இங்கொன்றுமாக அமுக்கியது. பிறகு வலது கண். கிண்ணம் வெறும் வெள்ளையாக இருந்தது. அவர் காத்திருந்தார். அமுக்கவில்லை. இன்னும் காத்திருந்தார்.

"தம்பி, மெஷினைப் போட்டீங்களா?"

"ஓடிக்கிட்டுதான்யா இருக்கு. நேரா பாருங்க."

அவர் நேராகப் பார்த்தார். கட்டைவிரல் பொத்தானின் மேல் அசையாமல் கிடந்தது.