தண்ணீர் உருளும் தரை

எங்கள் வீட்டுக்குள் மூன்று தரைகள். அம்மாவின் அறையில் சிவப்புச் சிமெண்ட். அதைத் தாண்டிய நடைவழியில் மொசைக். குளியலறைக்கு முன்னால் வெள்ளை டைல்ஸ், அதிலும் பாதி மஞ்சளாகிவிட்டது. அப்பா கட்டடச் சாமான் கடையில் மூட்டை இறக்கியவர். எங்கே எது மிஞ்சியதோ அதைக் கேட்டு வாங்கிவந்து, அப்போது கட்டிக்கொண்டிருந்த இடத்தில் போட்டுவிடுவார். அதனால் ஒன்றின் உயரம் இன்னொன்றோடு சேராது. ஒவ்வொரு வாசலிலும் இரண்டு விரல் கனத்துக்கு ஒரு விளிம்பு நிற்கும்.

அந்த விளிம்பில் தடுக்கித்தான் அம்மா விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள் என்று, ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்திருந்த நான் நினைத்தேன். அண்ணன் வேறு சொன்னான்.

"விளிம்பாவது ஒண்ணாவது. அக்கா வாராவாரம் மெழுகு போட்டுத் தேய்க்கிறாளே, அதுலதான் வழுக்கியிருக்காங்க."

ஆஸ்பத்திரி வராந்தாவில், அக்கா பக்கத்தில் இருக்கும்போதே சொன்னான். அண்ணன் ஒன்று சொன்னால் இரண்டு திருப்பிக் கொடுப்பவள் அக்கா. அன்று முந்தானையால் அம்மாவின் செருப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அக்கா ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் தரை துடைக்கிறாள். விடியுமுன் போய்விட வேண்டும். மற்றவர்கள் வரும்போது ஈரம் காய்ந்திருக்க வேண்டும், அவள் யார் கண்ணிலும் படக் கூடாது. அங்கே துடைத்துவிட்டு வந்து இங்கேயும் துடைப்பாள். "வேலைக்குத் தொடைச்சா கை வலிக்குது. வீட்டுக்குத் தொடைச்சாதான் அந்த வலி போகுது" என்பாள். கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு திரும்பி வந்தவள், பையைப் பிரிக்குமுன் விளக்குமாற்றைத்தான் தேடினாளாம். அம்மா அதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். அக்காவும் சிரிப்பாள், ஆனால் சிரிப்பு முடியுமுன் எழுந்து போய்விடுவாள்.

அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தான். சனிக்கிழமை அம்மாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்குள் படுக்கையிலிருந்து குளியலறை வரை தரை ஒரே மட்டமாக இருந்தால் அம்மா இங்கே வரலாம். இல்லையென்றால் அவன் வீட்டுக்கு, இனி எப்போதும் அங்கேதான்.

"அம்மா இல்லாத வீட்டுக்கு நான் எதுக்குடி வேலை முடிச்சு வரணும்?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். தலைமுடியில் சிக்கெடுத்துக்கொண்டே, வேறு யாரையோ கேட்பதுபோலக் கேட்டாள்.

புதன்கிழமை டைல்ஸ் மேஸ்திரி வந்தார். எங்கே உட்கார்ந்தாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். மூன்று தரையையும் பார்த்துவிட்டு, "வீடாம்மா இது, சாம்பிள் கடையா?" என்றார்.

சுத்தியல் பிடியால் வெள்ளை டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுத்தார். உள்ளே காலியாகச் சத்தம் கேட்டால் சாக்பீஸால் பெருக்கல் குறி. "இது ஆடுற பல்லு மாதிரி. இதுமேல எதை ஒட்டுனாலும் சேர்ந்து ஆடும்." குறி போட்டதையெல்லாம் பெயர்த்துப் பள்ளத்தைக் கலவையால் அடைத்தார். பிறகு சிவப்புத் தரையில் கையால் தண்ணீர் தெளித்தார். துளிகள் ஊறவே இல்லை, உருண்டு உருண்டு ஓடின.

"எத்தன வருஷத்து மெழுகு இது? கலவை எங்க பிடிக்கும்? ஈ உக்காந்தாலே வழுக்கும்போல."

அக்கா அடுப்படிக்குள் போய்விட்டாள். அவர் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, பாவம்.

வியாழன் முழுவதும் தரை தேய்க்கும் மெஷின் அலறியது. சிவப்பு மேல்தோல் உரிந்து தரை சாம்பல் நிறமாகச் சொரசொரத்தது. மொசைக்கையும் கீறிவிட்டார். சாயங்காலம் தெளித்த தண்ணீரைத் தரை உடனே குடித்தது.

"நாளைக்குக் கலவை ஊத்தி மட்டம் பண்ணிடலாம். அதுக்கு மேல டைல்ஸ். அதுவரைக்கும் யாரும் எதுவும் பண்ண வேணாம்."

வெள்ளிக்கிழமை அக்கா விடுப்பு எடுத்திருந்தாள். மேஸ்திரி வந்ததும் இன்னொரு தடவை தண்ணீர் தெளித்தார். துளிகள் உருண்டன.

"யாரு இதத் தொட்டது?"

அக்கா டீ டம்ளரோடு வாசலில் நின்றாள். "தூசியா இருந்துச்சு மேஸ்திரி. விடிகாலைல முழிப்பு வந்துடுச்சு. சும்மா ஒரு தடவை..."

"எதால தொடைச்ச?"

"எப்பவும் தொடைக்கிறதாலதான்."

அந்தப் பாட்டிலை நான் கொண்டுவந்து காட்டினேன். மெழுகு கலந்த திரவம். மேஸ்திரிக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லாதவர்போல அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நேத்து முழுக்க நான் எடுத்தத நீ திருப்பி வெச்சுட்டியே தங்கச்சி. இனி டைல்ஸ மறந்துடு. பொழுது சாயறதுக்குள்ள கலவை ஊத்துனாத்தான் நாளைக்குக் கால் வைக்கவே முடியும்."

அக்கா டம்ளரை வைத்துவிட்டு அவர் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தாள்.

"மெஷின் இருக்கும்மா."

"ஒண்ணுதான இருக்கு? மூலையெல்லாம் நான் பாத்துக்கறேன். ஏய் ஊர்சுத்தி, நீ அந்த மொசைக்கச் சுரண்டு. ஊர் ஊரா போனியே, எங்கயாவது தரையப் பாத்திருக்கியா?"

"மேல பாத்துக்கிட்டே போயிட்டேன்கா" என்றேன்.

"அதான பாத்தேன்."

மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தோம். வாயெல்லாம் சிமெண்ட் தூசி. அம்மா விழுந்த இடத்துக்கு வந்தபோது அக்காவின் உளி நின்றது.

"மேஸ்திரி, உண்மையச் சொல்லுங்க. எங்கம்மா விழுந்தது மெழுகாலயா, விளிம்பாலயா?"

அவர் மெஷினை நிறுத்தினார். "எனக்கெப்படிம்மா தெரியும்? பாட்டிலத் தூக்கிப் போடு. விளிம்ப நான் பாத்துக்கறேன்."

அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடியும் கொத்தினாள்.

வெளிச்சம் இருக்கும்போதே, தெளித்த தண்ணீரைத் தரை மறுபடியும் குடித்தது. சீக்கிரம் இறுகும் கலவையை ஊற்றி, மட்டப்பலகையால் இழுத்து, குளியலறை வரை விளிம்பே இல்லாமல் ஒரே மட்டமாக்கினார். ரசமட்டத்தைக்கூட இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். போகும்போது பாட்டிலை அவரே எடுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை அண்ணன் அம்மாவை இறக்கினான். உள்ளே பார்த்ததும் முகம் மாறியது.

"இதான் வேலை முடிஞ்ச லட்சணமா? டைல்ஸ் எங்க?"

"மட்டமா இருக்கணும்னுதானே சொன்ன?" என்றேன்.

அக்கா வழக்கம்போல ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் அம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வாக்கரை ஊன்றி, படுக்கையிலிருந்து குளியலறை வரை போய் நின்று, மெல்லத் திரும்பி வந்தாள். ரப்பர் கால்கள் கரடுமுரடான தரையைக் கறக் கறக்கென்று கவ்வின. எங்கேயும் தடுக்கவில்லை.

"நல்லாப் பிடிக்குதுடி" என்றாள் அம்மா. "இதுமேல டைல்ஸ் போட்டா வழுக்காதா?"

"சொரசொரப்பா இருக்குறதாப் பாத்து வாங்கிக்கலாம்மா" என்றேன்.

அண்ணன் செருப்பு நுனியால் தரையைத் தேய்த்துப் பார்த்தான். விளிம்பு இருந்த இடத்தில் இரண்டு தடவை மிதித்தும் பார்த்தான். "சரி. மாத்திரைப் பை வண்டியில இருக்கு. எடுத்துட்டு வரேன்."

அவன் செருப்பிலிருந்து உதிர்ந்த மண் தரையில் கிடந்தது. கொப்புளம் வந்த கையோடு அக்கா துணியைத் தேடினாள்.

"தொடைக்காத" என்றாள் அம்மா. "வந்து உக்காரு."

அக்கா கட்டிலோரம் உட்கார்ந்தாள். அண்ணன் பையோடு திரும்பி வந்தபோது, உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள்.