பிற்போடல் விண்ணப்பம்

குருநகரில் முன்பள்ளி ரீச்சர் ஜெசிதா என்றால் எல்லோருக்கும் தெரியும். அவள் பட்டப்படிப்புப் படிக்கிறாள் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். ஏனென்றால் அவளுடைய தகப்பன் யாகப்பு அதை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இறங்குதுறையில் நண்டு வலைக்குச் சிக்கெடுக்கும்போதும் சரி, ஐஸ் கொண்டுவரும் லொறிக்காரனோடு நின்று கதைக்கும்போதும் சரி, பேச்சு எங்கே தொடங்கினாலும் "பிள்ளை கம்பஸ் படிக்கிறாள்" என்பதில்தான் வந்து நிற்கும்.

"எந்தக் கம்பஸ் யாகப்பண்ணை?" என்று பக்கத்து வீட்டு றோஸ் வேண்டுமென்றே கேட்பாள். "நானும் ஏழெட்டு வருசமாப் பாக்கிறன், பிள்ளை வீட்டிலைதான் நிக்கிறாள். அந்தக் கம்பசுக்குப் படலை கிடலை இருக்கோ?"

"இருக்கு. எங்கடை வீட்டுப் படலைதான். உனக்குத் திறக்காது."

உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்தும் ஜெசிதாவுக்குப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி எட்டவில்லை. இரண்டாம் முறையும் அதே கதைதான். முன்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு தொலைக்கல்வியில் சமூகவியல் பட்டத்துக்குப் பதிந்தாள். அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. மூன்று வருடப் படிப்பு; இழுபட்டாலும் எட்டு வருடத்துக்குள் முடிக்கவேண்டும் என்று கைந்நூலின் இரண்டாம் பக்கத்திலேயே போட்டிருந்தது. எட்டு வருடம் என்ன, எட்டு வருடத்தில் கலியாணமும் கட்டிப் பிள்ளையும் பெறலாம் என்று அன்றைக்கு அவள் சிரித்தாள்.

வீட்டிலிருந்து படிப்பதென்றால் நினைத்தபோது படிக்கலாம் என்று பிறத்தியார் நினைப்பார்கள். ஆனால் வருடாவருடம் மீள்பதிவு செய்யவேண்டும். ஒப்படைகளைக் குறித்த நாளுக்குள் ஏற்றவேண்டும். கட்டாய நேர்முக வகுப்புகளுக்குப் போயிருக்கவேண்டும். அதில் ஒன்று தவறினாலும் அந்தப் பாடத்தின் பரீட்சைக்குத் தகைமை இல்லை. தகைமை இல்லாவிட்டால் ஒரு வருடம் போயிற்று. கொரோனாக் காலத்தில் விரிவுரைகள் கைத்தொலைபேசிக்கு வந்தன. வீட்டுக்குள் சிக்னல் இல்லாததால் அவள் இறங்குதுறையில் வலைக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டாள். விரிவுரையாளர் "யாருக்காவது கேள்வி உண்டா" என்று கேட்டபோது, பின்னாலிருந்து யாரோ "கணவாய் என்ன விலை?" என்று கத்தியது முழு வகுப்புக்கும் கேட்டது.

ஒரு வருடம் போனது முழுக்க யாகப்புவால்தான் என்று அவரே சொல்லுவார். புள்ளிவிபரவியல் பாடத்துக்குரிய நேர்முக வகுப்பு யாகப்பர் கோயில் திருநாளன்று வந்தது. ஊர்த் திருநாள், அதிலும் தகப்பனின் பெயர்நாள். திருநாளன்று யாரும் வேலைக்கே போகாத ஊரில் வகுப்புக்கு மட்டும் போவது எப்படி? "பெருநாளெண்டு சொன்னால் விடுவாங்கள்தானே" என்று யாகப்பு சொன்னார். அவளும் நம்பினாள். மறுநாள் தொலைக்கல்வி நிலையத்தில், திருநாள் கைந்நூலில் சொல்லப்பட்ட காரணங்களுக்குள் இல்லை என்றார்கள். அந்தப் பாடம் மட்டும் பின்னுக்குப் போய், பிறகு ஒருமுறை எழுதித் தவறி, கடைசிப் பாடமாக நின்றுவிட்டது. கொரோனாவுக்காகக் கூட்டிக் கொடுத்த ஒரு வருடமும் சேர்த்து ஒன்பதாவது வருடம். கடைசித் தவணை. கார்த்திகை மாதம், ஒரு சனிக்கிழமை.

யாகப்புவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனாலும் ஒவ்வொரு தவணையும் நாளும் நேரமும் போட்ட பரீட்சை நேரசூசியில் ஒரு பிரதி எடுத்து, பொலித்தீன் பையில் சுற்றிப் படகுப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வார். பரீட்சை நாளில் மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு, முடியும்வரை எதிரே உள்ள மதிலோடு நிற்பது அவருடைய வேலை. மூன்று மணித்தியாலமும் தேநீர்கூடக் குடிக்கமாட்டார். "பிள்ளை உள்ளை தண்ணி குடியாமல் எழுதேக்கை நான் குடிக்கிறதே?" என்பார்.

அந்த முறையும் வெள்ளியும் சனியும் தொழிலுக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தார். அதனால் வியாழனைத் தவறவிட அவருக்கு மனமில்லை. கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல். வாடைக்காற்று எழும்பியிருந்தது.

"தனியப் போகாதையுங்கோ," என்றாள் தாய் சிசிலியா.

"கிட்டத்தான். வலையை எடுத்துக்கொண்டு உடன வாறன். நாளையிண்டைக்குப் பிள்ளைக்குச் சோதினையெல்லே."

அடுத்த நாள் மத்தியானம் நெடுந்தீவுக்கு மேற்கே படகைக் கண்டுபிடித்தார்கள். வலையில் பாதி உள்ளே, பாதி வெளியே. சுடுதண்ணிப் போத்தலில் தேநீர் முக்கால்வாசி கிடந்தது. பெட்டிக்குள் பொலித்தீன் பை நனையாமல் இருந்தது. ஆளில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வினாத்தாள் கொடுத்திருப்பார்கள். அந்த நேரம் ஜெசிதா இறங்குதுறையில் தாய்க்குப் பக்கத்தில் நின்றாள். இருபத்தேழு படகுகள் தேடப் போயிருந்தன. ஊரில் ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. பரீட்சை அவளுக்கு நினைவு வந்ததா என்று கேட்டால், வந்தது. ஒன்பதரைக்கு வந்தது. அதற்காகப் பிறகு பலநாள் தன்னையே வெறுத்தாள்.

ஆறாம் நாள் தேடுவதை நிறுத்தினார்கள். சிசிலியா நிறுத்தவில்லை. பின்னேரத்தில் சுடுதண்ணிப் போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். விடிய எழும்பி நிமிர்த்தி வைப்பாள். செவ்வாய்க்கிழமைகளில் கோயிலுக்குப் போய்ப் பூசைக் கருத்து எழுதும் கொப்பியில் தானே எழுதுவாள்: "யாகப்பு சுகமாய்த் திரும்பி வர." ஆத்தும இளைப்பாற்றிப் பூசை எப்போது என்று கேட்க வந்த றோசை வாசலோடு திருப்பி அனுப்பினாள். "ஆர் செத்தது, பூசை ஒப்புக்குடுக்க?"

பரீட்சை முடிந்து பதினேழாம் நாள் நிலையத்திலிருந்து நிருஷன் தொலைபேசி எடுத்தான். ஒன்பது வருடமாக அவளுடைய படிவங்களை வாங்கிக்கொள்ளும் எழுதுவினைஞன். அவளைவிட நாலைந்து வயது இளையவன்.

"அக்கா, ஐயாவின்ரை விசயம் கேள்விப்பட்டனான். இந்த நேரத்திலை சொல்லக்கூடாது. ஆனால் சொல்லாமல் விட்டால் பிறகு நீங்கள் என்னைத்தான் பேசுவியள். சோதினைக்கு வராத ஆக்கள் இருபத்தொரு நாளுக்குள்ளை பிற்போடல் விண்ணப்பம் போடவேணும். போட்டால் வைகாசியிலை எழுத விடுவினம். போடாட்டி 'வரவில்லை' எண்டு விழும். உங்கடை பதிவும் அதோடை முடியும்."

அடுத்த நாள் புதன்கிழமை அவள் பஸ்ஸில் போனாள். படிவம் இரண்டு பக்கம். காரணத்துக்கு இரண்டே இரண்டு கட்டங்கள். ஒன்று நோய்: அரச வைத்தியசாலைச் சான்றிதழ். மற்றது தாய், தகப்பன், கணவன், பிள்ளை, சகோதரம் இவர்களில் ஒருவரின் இறப்பு: மரணச் சான்றிதழ், அது கையில் கிடைக்காவிட்டால் கிரியையை நடத்திய மதகுருவின் கடிதம்.

"தம்பி, காணாமல் போனதுக்கு எது?"

நிருஷன் பேனையைத் திறந்து மூடினான். "நான் கொழும்புக்கும் கோல் எடுத்துக் கேட்டனான் அக்கா. இந்த ரெண்டுக்குள்ளை ஒண்டாத்தான் வரவேணுமாம். பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு எடுபடாதாம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அண்டைக்கு உங்களுக்குச் சுகமில்லாமல்தானே இருந்திருக்கும்? ஒரு மெடிக்கல் துண்டு..."

"நான் அண்டைக்கு நல்ல சுகமாய்த்தான் நிண்டனான்."

கிராம அலுவலரான விதானையார், உடல் கிடைக்காமல் மரணப் பதிவு உடனே எழுத முடியாது, காலம் போகவேண்டும் என்றார். பங்குச் சுவாமியார் அவளை இருத்தி வைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளை, நடந்ததை நான் எழுதித் தரலாம். நடக்காததை எழுதேலாது. அம்மா கொப்பியிலை எழுதுறது திரும்பி வர எண்டு. நான் எப்பிடி இறந்திட்டார் எண்டு கடிதம் தாறது? வீட்டார் ஒப்புக்கொண்டு இளைப்பாற்றிப் பூசை வைச்சால் அண்டைக்கே எழுதித் தாறன்."

"எழுதித் தர வேண்டாம் பாதர்," என்றாள் ஜெசிதா. எழும்பி வீட்டுக்கு வந்து படிவத்தைக் கைந்நூலுக்குள் வைத்தாள். பட்டம் கிடைக்காவிட்டால் டிப்ளோமாவாவது தருவார்கள். கைந்நூலில் அதுவும் இருந்தது. அவளுக்கு ஒவ்வொரு பக்கமும் பாடம்.

பின்னேரம் போத்தல் கழுவிக்கொண்டிருந்த சிசிலியா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"என்ன கடதாசி அது?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாத கடதாசிக்கே பஸ் ஏறிப் போனனீ? கொண்டுவா. வாசி."

ஜெசிதா பக்கத்தில் வந்து நின்று வாசித்தாள். பெயர், பதிவிலக்கம், பாடக் குறியீடு. நோய்க்குரிய கட்டத்தை வாசித்தாள். அடுத்த கட்டத்தைத் தாண்டி, திகதி, கையொப்பம் என்று போனாள்.

"நடுவிலை ஒண்டை விட்டிட்டாய்."

"இல்லையம்மா."

"எனக்கு வாசிக்கத் தெரியும். உன்ரை அப்பாவுக்குத்தான் தெரியாது."

அவள் அதையும் வாசித்தாள். 'இறந்தவருக்கும் விண்ணப்பதாரிக்கும் உள்ள உறவு.' தாய் ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து இருந்தாள். அவர் அந்த வியாழன் ஏன் போனார் என்பதை இத்தனை நாளும் இருவருமே வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்போதும் சொல்லவில்லை.

"எப்ப குடுக்கவேணும்?"

"சனிக்கிழமை கடைசி. நான் குடுக்கேல்லை அம்மா. எனக்கு வேண்டாம்."

"நீ வேண்டாமெண்டு சொல்ல அது உன்ரை தனிப் படிப்பே? அந்த மனிசன் ஒன்பது வருசமா வெயிலுக்கை மதிலோடை நிண்டதெல்லே." பிறகு, யாகப்புவைப் பகிடி பண்ணும்போது வரும் அதே குரலில் சொன்னாள்: "எழுது. அவர் வந்தால் நான் சொல்லிக்கொள்ளுறன். பிள்ளை சோதினைக்காகத்தான் உங்களைச் சாகடிச்சவள் எண்டு. சிரிப்பார்."

சொல்லிவிட்டுச் சிசிலியாவும் சிரித்தாள். அப்படியே எழும்பி இளைப்பாற்றிப் பூசைக்குச் சொல்லக் கோயிலுக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலைப் பூசைக்கு சிசிலியா திருநாளுக்கு உடுத்திய பச்சைச் சீலையையே உடுத்துக்கொண்டு வந்தாள். தாலிக்கொடியைக் கழற்றவில்லை. இது கடதாசிக்காக வைக்கிற பூசைதானே என்பதுபோல முன்வரிசையில் நிமிர்ந்து இருந்தாள். றோஸ் பின்வரிசையில் இருந்து விம்மினாள். சிசிலியா அவளைத் திரும்பி முறைத்தாள். சுவாமியார் மரித்தோருக்கான மன்றாட்டில் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தார். "யாகப்பு" என்று வாசித்தார்.

சிசிலியாவின் வாயிலிருந்து வந்த சத்தத்தை ஜெசிதா அதற்கு முன் கேட்டதில்லை. படகு வந்த அன்றும் கேட்டதில்லை. தாய் கதிரையிலிருந்து வழுக்கி நிலத்தில் இருந்தாள். பூசை முடியும்வரை எழும்பவில்லை.

சுவாமியார் கடிதத்தைக் கையில் கொடுத்தார். பதினொரு மணிக்கு நிருஷன் அதில் முத்திரை குத்தினான். 'உறவு' என்ற இடத்தில் ஜெசிதா 'தந்தை' என்று எழுதியிருந்தாள். எழுத்து அவளுடையதுபோல இருக்கவில்லை. அவன் பற்றுச்சீட்டைக் கிழித்துத் தந்தான்.

அன்று பின்னேரம் சுடுதண்ணிப் போத்தல் கழுவப்படவில்லை. சிசிலியா அதை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தாள். மறு செவ்வாய் கோயிலுக்குப் போனவள் கொப்பியைத் திறக்கவில்லை. மெழுகுதிரி மட்டும் கொளுத்திவிட்டு வந்தாள். யாராவது தொழிலுக்குப் போய் வரச் சுணங்கினால் ஊரே கரையில் நிற்கும். சிசிலியா அங்கே போவதை விட்டாள்.

விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். வைகாசிப் பரீட்சைக்கு ஜெசிதா பஸ்ஸில் போனாள். மதிலைப் பார்க்காமல் உள்ளே போய், மூன்று மணித்தியாலம் எழுதி, மதிலைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

ஆவணியில் ஒரு மத்தியானம் முன்பள்ளிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தொலைபேசியைத் திறந்தபோது பெறுபேறு கிடந்தது. சித்தி. பட்டத்துக்குரிய எல்லாப் பாடங்களும் முடிந்தன என்று கீழே ஒரு வரி. அவள் அந்தத் திரையை வீடு வரைக்கும் அணையவிடாமல் விரலால் தொட்டுத் தொட்டுக் கொண்டுவந்தாள்.

குசினியில் சிசிலியா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மகள் நீட்டிய தொலைபேசியைத் தொடாமல், கண்ணைச் சுருக்கி முழுவதையும் வாசித்தாள். ஜெசிதாவின் பெயர், யாகப்புவின் பெயர், சித்தி. மகளின் நெற்றியில் புறங்கையால் ஒருமுறை தடவினாள்.

"அப்ப, இனி ஒரு சோதினையும் இல்லையோ?"

"இல்லையம்மா. எல்லாம் முடிஞ்சுது."

"அவங்களுக்கு இனி எங்களிட்டை ஒண்டும் தேவையில்லை?"

"இல்லை."

சிசிலியா கையைக் கழுவினாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, யாரோ கேட்டுவிடக்கூடாது என்பதுபோல மெல்லக் கேட்டாள்.

"அப்பிடியெண்டால் பிள்ளை, சுவாமியார் தந்த அந்தக் கடிதத்தை இனித் திருப்பி வாங்கேலுமோ?"

படிவத்தின் அடியில், கையொப்பத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அன்றைக்குத் தாய்க்கு வாசித்துக் காட்டாமல் விட்ட இன்னொரு வரி. சமர்ப்பிக்கப்படும் ஆவணங்கள் மீளளிக்கப்படமாட்டா.

"கேட்டுப் பாக்கிறன் அம்மா," என்றாள் ஜெசிதா. "நாளைக்குப் போய்க் கேக்கிறன்."

சிசிலியா தலையாட்டினாள். கதிரையொன்றை இழுத்துக்கொண்டு, போத்தல் இருந்த அலுமாரிப் பக்கம் போனாள்.