கல்லறைக் கற்றாழை

கெய்ரோவின் சையிதா ஜைனப் சந்தையில் ஆடு உரிக்கிற ஒரே பெண் நிஃமத். புருஷன் செத்த பிறகு கத்தியைக் கையில் எடுத்தவள். கடையில் வாலாட்டிய ரவுடி ஒருவனின் காதை அறுத்தாள் என்று பேச்சு உண்டு. அவள் அதை மறுத்ததில்லை. தெருவில் அவளை உம்மு ஷெஹாத்தா, அதாவது ஷெஹாத்தாவின் தாய், என்பார்கள்.

அவளுடைய ஒரே மகன் ஷெஹாத்தாவை ஒரு கல்யாண வீட்டு அடிதடியில் பக்கத்துத் தெரு கராம் வயிற்றில் குத்திக் கொன்றான். கராம் சிறைக்குப் போனான். நிஃமத் மகனின் கல்லறைமேல் ஒரு கற்றாழைத் தொட்டியை வைத்தாள். மேலே செடி பச்சையாக இருக்கும்வரை உள்ளே கிடப்பவனுக்கு வேதனை குறையும் என்று அங்கே எல்லோரும் நம்புவார்கள். அவளும் நம்பினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை போனபோது மடல்கள் மஞ்சளாகிச் சரிந்திருந்தன. தொட்டியில் தண்ணீர் தளும்பியது. தண்டை அழுத்தினாள், விரல் உள்ளே போயிற்று. அழுகிய குடலின் வாடை.

மயானக் காவலாளி நயீமின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "யாருடா இதுக்குத் தண்ணி ஊத்துனது?"

"என்னை ஏன் உலுக்குற உம்மு ஷெஹாத்தா? ஒரு பொம்பள தினமும் விடியக்காலம் கூஜாவோட வருது. செத்தவங்க பேரைச் சொல்லி ஊத்துறது புண்ணியமாச்சே, நான் எப்படித் தடுக்க?"

மறுநாள் விடியுமுன் நிஃமத் கல்லறைக்குப் பின்னால் காத்திருந்தாள். வந்தது கராமின் தாய் இஹ்ஸான்.

நிஃமத் அவள் தலைமுடியைப் பற்றிக் கல்லில் மோதினாள். கூஜா நொறுங்கியது. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. கத்தி கழுத்துக்கு வந்தது.

"வெட்டிடு," என்றாள் இஹ்ஸான். "என் மகன் பண்ணுன பாவத்துக்கு உன் மகனுக்குத் தண்ணியாவது ஊத்தலாம்னுதான்..."

"தண்ணியா? அவன் கத்தியால கொன்னான், நீ கூஜாவால கொல்ற! என் பிள்ள ரெண்டு தடவ சாகணுமாடி?"

இஹ்ஸான் அப்போதுதான் செடியைப் பார்த்தாள். வாய்விட்டு அலறினாள்.

அந்த அலறல்தான் கத்தியைத் திருப்பியதோ என்னவோ. நிஃமத் செடியைப் பிடுங்கினாள். வேர்கள் சளியாகச் சேற்றிலேயே தங்கிவிட்டன. தண்டை அறுத்தாள், உள்ளே பழுப்பு. இன்னும் மேலே அறுத்தாள், அங்கேயும் பழுப்பு. புழுத்த காலைத் தறிப்பதுபோல, வெட்டுக்கு வெட்டு கராமைச் சபித்துக்கொண்டு, கத்தியைத் துடைத்துத் துடைத்துத் தறித்தாள். சுத்தமான சதை தெரிந்தபோது உள்ளங்கை அளவு கொழுந்துதான் மிஞ்சியது.

அதைக் கடையின் இறைச்சிக் கொக்கியில் தலைகீழாகத் தொங்கவிட்டாள். கண்ணேறுக்காக வாசலில் கட்டுகிற கற்றாழை மண்ணும் நீரும் இல்லாமல் கிடந்து பிழைப்பதைப் பார்த்தவள்தானே. இரக்கப்பட்டு நீர் தெளிக்க வந்த வேலையாளின் மணிக்கட்டில் கத்திப் பிடியால் ஒரு போடு போட்டாள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியது. பிறகு ஒருநாள் வெளிறிய வேர்முனை ஒன்று எட்டிப் பார்த்தது.

அதைக் கல்லறையில் நடுவதற்குப் போன அன்று, புருவத்தில் தழும்போடு, வெறுங்கையோடு இஹ்ஸான் அங்கே நின்றாள்.

"தள்ளி நில்லு. செடிகிட்ட வந்தா கைய எடுத்துடுவேன்."

"எடுத்துக்க. நான் என்னதான் பண்ணட்டும்? அதையாவது சொல்லு."

நிஃமத் தொட்டியைக் கவிழ்த்துப் பழைய சேற்றை உதறினாள்.

"மயானத்துக்குப் பின்னால மலையடியில மணல் கெடக்கு. அள்ளிட்டு வா. ஈரம் இருந்துச்சுன்னா உன் மூஞ்சியிலயே அப்புவேன்."

இஹ்ஸான் தன் கறுப்பு மேலாடையில் மணல் ஏந்தி வந்தாள். நிஃமத் ஒரு பிடி எடுத்து விரலிடுக்கில் ஒழுகவிட்டாள். காய்ந்துதான் இருந்தது.

கத்தியைக் கீழே வைக்காமலேயே, ஒரு கையால் நட்டாள்.