மட்டக்காரம்மாவின் முட்டுக் காகிதம்

வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு காலுறையையும் உருவிப் பைக்குள் திணித்துவிட்டு, வீடு வீடாகப் போய்த் தரை மட்டம் பார்க்கும் மட்டக்காரம்மா வெறுங்காலோடு உள்ளே நடக்கத் தொடங்கிவிடுவார். கூடம், சமையலறை, படுக்கையறை என்று ஒரு சுற்று. அது முடியும்வரை யார் என்ன கேட்டாலும் பதில் வராது. குதிகால் எங்கே தயங்குகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கூட்டல் குறி. சுற்று முடிந்ததும் தன் பாதம் சொன்ன எதையும் நம்பாமல் பையைத் திறந்து, கண்ணாடிபோலத் தெரியும் நீளக் குழாயை எடுப்பார்.

குழாயின் ஒரு முனை, வாசற்படியில் வைத்த தண்ணீர்ப் போத்தலுக்குள் இருக்கும். மறு முனையை ஒவ்வொரு குறிக்கும் கொண்டுபோய், தரையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அடிக்கோலால் பார்த்து எழுதிக்கொள்வார். குழாயில் கடுகளவு குமிழி இருந்தாலும் கணக்குக் கெட்டுவிடும் என்பதால் அதை விரலால் சுண்டியபடியே இருப்பார். ஆறு மாதம் கழித்து வந்து அதே இடங்களை மறுபடி அளப்பார். "சாஞ்ச வீடு வேற, சாயுற வீடு வேற. மொதல் தடவை வந்து பார்த்துட்டு எதையும் சொல்ல மாட்டேன்" என்பது அவர் பல்லவி.

ஐம்பத்திரண்டு வயது. பாதி நாள் முழங்காலில்தான் வாழ்க்கை. தையல்காரரான கணவர் மனைவியின் கால்சட்டைகளின் முழங்காலில் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த உரிமையில் தினமும் ஒரு சீண்டல்: "ஊர் வீட்டுத் தரையெல்லாம் அளக்குற. நம்ம சாப்பாட்டு மேஜை ஆடுறது மட்டும் உன் கண்ணுல படல." மட்டக்காரம்மாவும் சளைக்காமல், "அதுக்கு நல்ல ஆளா வேற யாரையாவது கூப்பிடுங்க" என்பார். மேஜை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. இருவருக்கும் அதில் குறையொன்றும் இல்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கோணல் தரையுள்ள வீடுகளில் பீரோ, அலமாரிக் கால்களுக்கு அடியில் மடித்த காகிதம் ஏதாவது முட்டுக் கொடுத்திருக்கும். முதல் முறை வரும்போதே அதை உருவி, தேதி எழுதி, தன் குறிப்பேட்டுக்குள் வைத்துக்கொள்வார். திரும்பி வரும்போது அதே காகிதம் அதே இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தால் தரை அசையவில்லை என்று கணக்கு. உள்ளே நுழையாமல் முரண்டு பிடித்தாலோ, தொளதொளவென்று கிடந்தாலோ வேறு கணக்கு.

அப்படி ஒரு காகிதத்தை ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் வீட்டிலிருந்து எடுத்துப்போயிருந்தார். கூடத்து மூலை இருபத்திரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. வீடு இறங்குகிறது, விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருங்கள் என்று மகன் பிடிவாதமாக நின்றான். ஓட்டுநரின் மனைவிக்கு அந்த வீட்டைவிட்டு நகர மனமில்லை. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று பாத்திரங்களில் பாதியை அட்டைப்பெட்டிகளில் கட்டி வைத்திருந்தார்.

ஆறு மாதம் கழித்து மட்டக்காரம்மா வந்து அளந்தார். முதல் குறியில் தரை நாலு மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. இரண்டாவதிலும் நாலு. ஒன்பது குறிகளிலும் நாலே நாலு. குழாயைச் சுண்டிவிட்டு மறுபடி அளந்தார். அதே நாலு.

"என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார் ஓட்டுநர். மனைவி பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்க வீடு மொத்தமா மேல வந்திருக்குன்னு கணக்கு சொல்லுதுண்ணா. மாவுதான் பொங்கும், வீடு பொங்குமா?" என்றபடி மட்டக்காரம்மா எழுந்து வாசலுக்குப் போனார்.

படியருகே குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. சுவரில் அடித்த பச்சை வண்ணம் முன்பு படியைத் தொட்டுக்கொண்டு முடிந்திருந்தது. இப்போது வண்ணத்துக்கும் படிக்கும் நடுவே வெறும் சிமெண்டு ஒரு கோடாகத் தெரிந்தது. அடிக்கோலை வைத்தார். நாலு மில்லிமீட்டர். மேலே கூரைத் தண்ணீர்க் குழாய் நேராகப் படியின் ஓரத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது.

அவருக்குக் காது மடல் சூடானது. வழக்கமாகப் படியோடு வீட்டுச் சுவரில் ஓர் ஆணியையும் அடித்து, போத்தலின் உயரத்தை அதோடு ஒத்துப் பார்ப்பார். போன முறை கொட்டுகிற மழையில் ஆணி வேலையைச் சோம்பலில் விட்டுவிட்டார். இருபது வருட அனுபவசாலி செய்கிற வேலையா அது? தன்மேலேயே கோபம் வந்தது. அதற்கு அடியிலேயே ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது.

உள்ளே வந்து ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "தப்பு என்மேலதான்க்கா. எதை அசையாததுன்னு நம்பி அளந்தேனோ, அந்தப் படியே இறங்கிடுச்சு. அது வெறும் மண்ணுமேல போட்ட படி, வீட்டோட அஸ்திவாரத்துல சேராதது. அது நாலு இறங்கினதால வீடு நாலு ஏறின மாதிரி தெரியுது. அந்தத் தண்ணிக் குழாயை மட்டும் அந்தாண்ட திருப்பி விடுங்க."

"அப்போ அந்த மூலை?" என்றார் ஓட்டுநர்.

"மூலைக்கும் மத்த இடத்துக்கும் அன்னைக்கு என்ன வித்தியாசமோ, இன்னைக்கும் அதேதான். கட்டும்போதே கொத்தனார் கோணலாப் போட்டிருக்கார்."

ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தார். "முப்பது வருஷமா அந்தாளை நல்லவர்னு சொல்லிட்டுத் திரியிறேன்."

மனைவி சிரிக்கவில்லை. எண்கள் அவருக்குப் போதவில்லை. கூடத்து மூலையில் நின்ற அலமாரியைக் காட்டி, "நீங்க காகிதத்தை எடுத்துட்டுப் போனதுல இருந்து இந்தக் கதவு தானாத் திறந்துக்குது. சாத்தினா நிக்க மாட்டேங்குது. மறுபடி பெட்டியைப் பிரிக்கட்டுமா வேணாமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

மட்டக்காரம்மா குறிப்பேட்டைத் திறந்து, தான் தேதி எழுதிய அந்தப் பழுப்புக் காகிதத்தை எடுத்தார். பஞ்சு வைத்த முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, அலமாரியை ஒரு தோளால் நிமிர்த்தி, காகிதத்தைக் காலுக்கடியில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளினார். இடுக்கில்லாமல், இறுக்கமில்லாமல் அது உள்ளே போய் உட்கார்ந்தது. பிறகு எழுந்து அலமாரிக் கதவைச் சாத்தி, கையை எடுத்துக்கொண்டார். கதவு சாத்தியபடியே நின்றது.