டப்பாவுக்கு அரைமணி ஓய்வு

லாரியின் படியில் கால் வைப்பதற்கு முன் ஆரோக்கியமேரி கல்யாண மோதிரத்தைக் கழற்றி முந்தானை நுனியில் முடிந்துகொள்வாள். அடுத்தது கைக்கடிகாரம். பிறகு கோயிலுக்குக் கட்டிய புடவைக்கு மேலே கணவரின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஒன்பது மணிக்கு உள்ளே போகிற தலை மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வரும். மோதிரத்தை ஏன் கழற்றுகிறாள் என்று கேட்டால், "பேட்டரி முனையில பட்டா விரலோட சேத்துப் பொசுக்கிரும் அண்ணாச்சி. கல்யாணமும் வேணும், விரலும் வேணும்லா" என்பாள்.

வார நாட்களில் அவள் குஷாய்குடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வயரிங் பிரிவு. பதினாறு வருட சர்வீஸ். அங்கே ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு நுனியிலும் நம்பர் போட வேண்டும், அங்குலத்துக்கு ஒரு முடிச்சாக மெழுகு நூலால் கட்ட வேண்டும். மௌலா அலி லாரி மைதானத்துக்கு வந்தாலும் அவளுக்கு அதே சட்டம்தான். லாரிக்கு எதற்கு இவ்வளவு என்று யாராவது வாய் திறந்தால் தீர்ந்தது. "ஏன் வேண்டாம்? ஆளே இல்லாத மெஷினுக்கு இத்தன பாக்கோம். இதுக்குள்ள ஆளு உக்காந்துல்லா போகுது?"

நாமக்கல் நடேசன் எண்பத்து நாலாம் வருடம் இந்த மைதானத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அவனுக்கு லாரித் தொழிலே வெறுத்துப் போயிருந்தது. சொந்த வண்டி, மாற்று டிரைவர் கிடையாது. நாமக்கல்லிலிருந்து நாக்பூர் வரை ஒரே ஆளாக ஓட்டுகிறவன். ஆசை ஆசையாக நெற்றியிலும் பக்கவாட்டிலும் கலர் விளக்குகள், உள்ளே கேசட் டேப், பின்சீட்டுக்கு மேலே இரண்டு ஸ்பீக்கர் என்று வைத்தான். வைத்த நாளிலிருந்து சனியன் பிடித்தது. ஒரே வருடத்தில் மூன்று பேட்டரி செத்தது. போன வாரம் நிர்மல் மலை இறக்கத்தில், விளக்கு வைக்கிற நேரம், எஞ்சின் வேகத்தைக் குறைத்ததும் ஹெட்லைட் சிவந்து, மங்கி, அணைந்தே போனது. எதிரே ஒரு பஸ் ஏறிக்கொண்டிருந்தது. அந்த பஸ்காரன் ஒடித்துப் பிடித்ததால் ஐம்பது பேர் பிழைத்தார்கள். மனைவி கனகவல்லி, "வண்டிய வித்துப் போட்டு வூட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டாள். இங்கேயும் சரியாகாவிட்டால் விற்றுவிடுவது என்றுதான் நடேசனும் வந்திருந்தான்.

புடவைக்கு மேலே காக்கிச் சட்டையோடு ஒரு பெண்பிள்ளை நிற்பதைப் பார்த்ததும் அவனுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. உள்ளே புகுந்தவள் முதலில் வெளியே எடுத்துக் காட்டியது சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். ஃபியூஸ் போன இடத்தில் அதைச் சுருட்டிச் சொருகியிருந்தான். "இது நீங்களா அண்ணாச்சி?" என்றாள். நடேசன் வேறு பக்கம் பார்த்தான்.

அடுத்து பேட்டரிப் பெட்டியைத் திறந்தாள். அவன் வண்டிக்கு இரண்டு பேட்டரி. இரண்டும் சேர்ந்துதான் வண்டியை இழுக்க வேண்டும். வைத்த எலக்ட்ரீஷியன் புண்ணியவான், டேப்புக்கும் கலர் விளக்குக்கும் பாதி மின்சாரம் போதும் என்று எல்லாவற்றையும் ஒரே பேட்டரியிலிருந்து உறிஞ்ச விட்டிருந்தான். "ரெண்டு மாடு கட்டியிருக்கீய. ஒரு மாட்ட மட்டும் ராப்பகலா உழுதா அது சாவாம என்ன செய்யும்? சும்மா நின்ன மாடு தின்னு தின்னே கெட்டுப்போகும். பாருங்க, சார்ஜ் ஏறி ஏறி இதுல தண்ணியே இல்ல." மூன்று ஊரில் மூன்று பேர் பார்த்துவிட்டு, பேட்டரி கம்பெனிக்காரனை ஏசிவிட்டுப் போன விஷயம் இது. இவள் கால்மணி நேரத்தில் புட்டுப் புட்டு வைத்துவிட்டாள். நடேசன் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

விளக்குகளை ஜோடி ஜோடியாகக் கட்டினால் இரண்டு பேட்டரியும் சமமாகச் சுமக்கும் என்றாள். எண்ணினால் பதினேழு. ஒன்று ஜோடியில்லாமல் நின்றது. சாமி படத்து விளக்கைக் கழற்றிவிடலாமா என்று நடேசன் கேட்டான். "நக்கோ, நக்கோ. வேண்டாம், அவரு இருக்கட்டும்" என்று சொல்லி, ஏறுகிற படிக்கு மேலே பதினெட்டாவதாக ஒரு விளக்கை வைத்தாள். பத்து வருடம் இருட்டில் தடவித் தடவி ஏறிய படி அது. ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

"டேப்ப எடுத்துரலாமா? பாட்டு கேக்காம ஓட்ட முடியாதா?" என்று அவள் கேட்டாள்.

"முடியாதுங்க்கா. பாட்டு நின்னா கண்ணு சொக்கிப் போகுதுங்க. நாக்பூர் ரோடு நூல் புடிச்சாப்பல போகும். ரெண்டு தடவ ரோட்ட விட்டே எறங்கிட்டனுங்க."

"நிறுத்திட்டுத் தூங்க வேண்டியதுதான?"

"லோடு எறக்கோணுமுங்க. தூங்குனா ஆகுங்களா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, கம்பிக்கட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஓட்டத்தில் அவன் திரும்பி வந்தபோது டேப்புக்கென்று ஒரு டப்பா தயாராக இருந்தது. அலுமினியத் தகட்டில் ஒரு டிரான்சிஸ்டர். இரண்டு பேட்டரியின் மின்சாரத்தையும் வாங்கி, டேப்புக்கு வேண்டியதை மட்டும் அளந்து கொடுக்கும். எல்லாவற்றையும் மாட்டியபின் பதினெட்டு விளக்கு, ஹெட்லைட், வைப்பர், ஹாரன், டேப் அத்தனையும் ஒரே நேரத்தில் போடச் சொன்னாள். அவள் மட்டும் வண்டிக்கு முதுகைக் காட்டி, எதிரே நிழலில் கிடந்த குட்டிச்சுவரில் விழுந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பெல்லாம் மேளம் அதிரும்போது ஹெட்லைட்டும் கூடவே அதிரும். இப்போது பாட்டு காதைக் கிழித்தது, சுவரில் வெளிச்சம் அசையவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்தான் நடேசன். கல்யாணப் பெண்ணுக்குப் பின்னிய சடை போலக் கம்பிகள் நம்பர் போட்டுக்கொண்டு கிடந்தன. அவனுக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கும்பிட்டும் விட்டான்.

"ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க" என்றாள் அவள். "இந்த டப்பா சூடாகும். நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா அரைமணி நேரம் டேப்ப அணைச்சு வண்டிய நிறுத்திரணும். இல்லன்னா டப்பா போயிரும். போச்சுன்னா எங்கிட்ட வேற சாமான் கிடையாது."

தனக்காக ஒரு நிமிஷம் நிற்காதவன் டப்பாவுக்காக நின்றான். நாலு மணிக்கொரு தரம் ஓரங்கட்டுவான், டேப்பை அணைப்பான். சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா, சீட்டில் சாய்வான், சாய்ந்தால் தூங்கிவிடுவான். எட்டு மாதம் பேட்டரி மாற்றவில்லை. ஒரு தடவைகூட ரோட்டை விட்டு இறங்கவில்லை. கனகவல்லி விற்கிற பேச்சை விட்டாள்.

ஒன்பதாம் மாதம் காமாரெட்டியில் டீ குடிக்கிறபோது சங்ககிரி வண்டிக்காரன் வெங்கடகிருஷ்ணனைப் பார்த்தான். அவன் வண்டியிலும் ஆரோக்கியமேரியின் டப்பா. அதற்கு எங்கே எங்கே ஓய்வு கொடுக்கிறாய் என்று நடேசன் கேட்டான். "ஓய்வா? எனக்கொண்ணும் சொல்லலீங்களே. சங்ககிரில போட்ட பாட்டு, இங்க வர்ற வரைக்கும் பாடிட்டேதான் இருக்குது" என்றான் வெங்கடகிருஷ்ணன். அவன் வண்டியில் இரண்டு டிரைவர், மாற்றி மாற்றித் தூங்கிக்கொள்வார்கள். நடேசன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

அன்று ஞாயிறு. நாக்பூரில் அதிகாலையில் எடுத்த வண்டியை காமாரெட்டியில் கொடுக்க வேண்டிய ஓய்வைக் கொடுக்காமல், பாட்டை நிறுத்தாமல் மைதானத்துக்கே ஓட்டிவந்தான். பகல் சாய்ந்திருந்தது. ஆரோக்கியமேரி வேறொரு வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். அவனுடைய சிவந்த கண்ணைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, இந்த டப்பா நெசமாலுமே சூடாகுதுங்களா? நாஞ் சும்மாதான் நின்னு நின்னு வாறனுங்களா?" நடேசன் தன் கையை எடுத்து டப்பாவின் மேல் வைத்தே காட்டினான். ஆறவைத்த காபி டம்ளர் அளவுக்குக்கூடச் சூடில்லை.

அவள் படியேறி வந்தாள். டப்பாவின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, ஐந்து விரலையும் வாயருகே குவித்து, அவன் டேப்பை அணைக்கும் வரைக்கும் ஊதிக்கொண்டே இருந்தாள்.