குவனஹுவாட்டோவில் என் கணவராக நடந்தவர்

குணம் அண்ணை இன்று காலை போய்விட்டார்...

அவருடைய மனைவி சாந்தி அக்கா போனில் சொன்னபோது நான் அஜக்ஸ் ஸ்டேஷனில் வேலைக்குப் போக நின்றேன். ட்ரெயின் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

"கடைசியா என்ன சொன்னவர் தெரியுமோ? ஆசுப்பத்திரி செக்கியூரிட்டி ஒருத்தன் கதவடியில வந்து நிண்டவன். இவர் என்ர கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, 'சிரியும், சிரியும்' எண்டார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லையடி."

எனக்கு விளங்கியது. அது அக்காவுக்குச் சொன்னதல்ல. எனக்குச் சொன்னது.

இதை நான் இங்கே ஒருநாளும் எழுதியதில்லை. என் பிள்ளைகளுக்கே பாதிதான் தெரியும்.

யுத்த காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. கனடாவுக்கு என்று கொழும்பிலிருந்து வெளிக்கிட்டு, யாரோ ஒருத்தியின் பாஸ்போர்ட்டில் மெக்ஸிகோவில் வந்து இறங்கினேன். அதே பிளேனில் வந்த, முன்பின் தெரியாத குணம் அண்ணையைக் காட்டி, காசு வாங்கி எங்களை அனுப்புகிற ஏஜென்ட் சொன்னார்:

"இனி இவர்தான் உம்மட மனுசன். பாஸ்போர்ட்டிலயும் அப்பிடித்தான் கிடக்கு. கனடா பிளேன் சரிவரும் மட்டும் இந்த ஊரிலதான் இருக்க வேணும். அறையைப் பூட்டிக்கொண்டு இருந்தால் லொட்ஜ்காரனுக்குச் சந்தேகம் வரும். ரூரிஸ்ற் மாதிரி ஊரைச் சுத்திப் பாருங்கோ."

ஊர் குவனஹுவாட்டோ. இந்தப் பெயர் இன்றைக்கும் என் வாயில் ஒழுங்காக வராது. பழைய வெள்ளிச் சுரங்க நகரம். மலைச்சரிவு முழுக்க மஞ்சள், நீலம், ரோஸ் நிற வீடுகள்... உலகமெல்லாம் இருந்து ஆட்கள் பார்க்க வருகிற அழகு.

நாங்கள் அதைப் பயந்து பயந்து பார்த்தோம். பிடிபட்டால் திரும்பவும் கொழும்பு. அங்கே இறங்கினால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சீருடை கண்ணில் பட்டாலே என் முகம் செத்துவிடும். பக்கத்தில் நடந்தபடி அவர் மெதுவாகச் சொல்வார், "சிரியும் தங்கச்சி, சிரியும். உவங்கள் எல்லாம் சிரிக்கிறாங்கள் பாரும்."

சொல்கிறவர் தானும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

அறையில் கட்டிலை எனக்குத் தந்துவிட்டு, கதவடியில் நிலத்தில் படுப்பார்.

அங்கே முத்தச் சந்து என்று ஓர் இடம். எதிரெதிர் வீட்டு பல்கனிகள் முட்டிக்கொள்ளும் அளவு ஒடுக்கம். சோடியாக வருகிறவர்கள் மூன்றாம் படியில் நின்று முத்தம் கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ஏழு வருடம் கூடாத காலமாம். தெரிந்திருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டோம்.

படம் பிடிக்கிறவன் ஒருவன் எங்களை இழுத்துப் படியில் நிறுத்திவிட்டான். சுற்றி நின்ற சனம் கைதட்டத் தொடங்கியது. சந்து வாசலில் இரண்டு பொலிஸ்காரர்... சிரித்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் அசையாமல் நிற்க, ஒருவன் சிரிப்பை நிறுத்திவிட்டு எங்களை உற்றுப் பார்த்தான்.

அண்ணை என் பக்கம் குனிந்தார். ஆசையாக ஏதோ சொல்வது போலச் சிரித்துக்கொண்டே சொன்னார், "குறை நினையாதையும். என்ர கூடப்பிறந்தவளுக்குக் குடுக்கிறன் எண்டு நினைச்சுத்தான்..."

நெற்றியில் ஒரு முத்தம். உதடு ஐஸ் போல இருந்தது. சனம் கத்தியது. அந்தப் பொலிஸ்காரனும் கைதட்டினான்.

இன்னொரு நாள் மம்மி மியூசியம். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வரிசையாகப் பிரேதங்கள், வாய் திறந்தபடி... சிலவற்றின் காலில் இன்னும் சப்பாத்து. பயப்படப் போவது நான்தான் என்று நினைத்தேன். ஆனால் அண்ணைதான் ஒரு பெட்டிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பியையும் சப்பாத்தோடதான் குழியில தாட்டனான். கழட்ட நேரமில்லை. செல் விழுந்து வெடிச்சுக்கொண்டிருந்தது."

காவலாளி எங்களை நோக்கி வந்தான். அன்றைக்கு அவரைக் கையில் பிடித்து வெளியே கூட்டி வந்தது நான். சிரியுங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஊருக்கு அடியிலும் ரோட்டு ஓடுகிறது, முன்பு ஆறு ஓடிய சுரங்கத்துக்குள்ளால். அதற்குள் நடந்து வழி தவறிவிட்டோம். பின்னால் வந்த பொலிஸ் பிக்கப் ஒன்று வேகத்தைக் குறைத்து எங்களோடு ஊர்ந்தது. இரண்டு பக்கமும் கல் மதில். ஓட இடமில்லை.

அண்ணை திரும்பி நேரே அவர்களிடமே போனார். முடிந்தது என்று நினைத்தேன்.

மேப்பை விரித்துக் காட்டி, "ஹோட்டல்... ஹோட்டல்..." என்றார்.

அவர்கள் எங்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் லொட்ஜ் வாசலிலேயே இறக்கிவிட்டார்கள்! கையசைத்து வழியனுப்பினோம். பிக்கப் வளைவில் மறைந்த பிறகு அவர் மதிலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தார்.

"ஏன் அண்ணை அவங்களிட்டைப் போனீங்கள்?"

"நிண்டாலும் பிடிப்பாங்கள், ஓடினா சுடுவாங்கள். வேற என்ன செய்யிறது?"

கடைசியில் ஏஜென்ட் எங்களைப் பிளேன் ஏற்றினார். ரொறன்ரோவில் இறங்கி, அகதி என்று சொல்லி அடைக்கலம் கேட்ட பிறகுதான் என் கையை விட்டார்.

பிறகு சாந்தி அக்கா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். ரொறன்ரோ வோபர்னில் அவர்களின் சின்ன அப்பார்ட்மென்ட்டில் அண்ணை என்னைக் காட்டிச் சொன்னார், "இவதான் என்னைக் கொண்டுவந்து சேர்த்தவ." என் கலியாணத்தில் அண்ணன் இடத்தில் நின்றவரும் அவர்தான்.

போன வருடம் என் மகன் அந்த ஊர்ப் படங்களைப் போனில் காட்டி, "அம்மா, சோ பியூட்டிஃபுல், போவமா?" என்றான். அண்ணையிடம் கேட்டேன், எல்லாரும் சேர்ந்து போய் வருவமா என்று.

"நீர் பிள்ளையளோட போட்டு வாரும். நான் வரேல்லை. நாங்கள் எங்க அந்த ஊரைப் பாத்தனாங்கள்... பொலிஸ் எங்க நிக்குதெண்டுதானே பாத்தனாங்கள்."

நாங்களும் போகவில்லை. 401 ஹைவேயில் பின்னால் பொலிஸ் கார் வந்தால் இன்றைக்கும் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரிக்கத் தொடங்கிவிடுவேன்.

போட்டு வாங்கோ அண்ணை... இனி உங்களை ஒருத்தரும் மறிக்க மாட்டினம்.