மகளும் நானும் விண்ணப்பித்த வருடம்

அந்த வருடம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தோம். ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த என் மகள். இன்னொருத்தி, நான். அவள் பள்ளி முடித்து நேராக முதல் வருடத்துக்கு. நான் கம்யூனிட்டி காலேஜ் என்னும் இரண்டு வருடக் கல்லூரியில் படித்த பாடங்களோடு மூன்றாம் வருடத்துக்கு. இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே பொறியியல் கல்லூரி. அவளுக்குக் கம்ப்யூட்டர், எனக்கு இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்.

எனக்கு அந்தப் படிப்பின் மேல் ஆசை வந்த கதை திருப்பூரில் தொடங்குகிறது. அஞ்சல் வழியில் பி.காம். படித்துக்கொண்டே ஒரு பனியன் கம்பெனியில் உற்பத்திக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை பார்த்தேன். என் இடத்திலிருந்து தையல் வரிசை முழுவதும் தெரியும். எல்லா டெய்லரும் வேகமாகத்தான் தைப்பார்கள். ஆனால் காலர் வைப்பவர் முன்னால் மட்டும் துணி குவிந்துகொண்டே போகும்; அவருக்கு அடுத்த மெஷினில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதை ஏன் சரிசெய்வதில்லை என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அது அப்படித்தான் வரும் என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஆனால் அதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. பி.காம். பாதியில் நின்றது, நான் அமெரிக்காவில் சுகர் லேண்டுக்கு வந்து சேர்ந்தேன்.

கணவருக்கு எனர்ஜி கம்பெனியில் வேலை. என் விசாவில் அப்போது வேலைக்குப் போக முடியாது. கிரீன் கார்டு கைக்கு வந்தபோது மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். கணக்கு எழுதும் வேலையாவது கிடைக்கட்டும் என்று பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் அக்கவுன்டிங் வகுப்பில் சேர்ந்தேன். என்ன படிக்கப் போகிறேன் என்று அங்கே ஆலோசகராக இருந்த அம்மாள் விசாரித்தபோது, பனியன் கம்பெனி வரிசையைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நீ சொல்வதற்கு ஒரு பொறியியல் பட்டமே இருக்கிறது, இங்கே முதல் இரண்டு வருடப் பாடங்களை முடித்தால் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்றார். இயந்திரத்தை அல்ல, வேலை நடக்கும் விதத்தையே வடிவமைக்கும் படிப்பு என்று அவர் விளக்கியதும், என்னுடைய பழைய கேள்விக்கு ஒரு வீடு கிடைத்த மாதிரி இருந்தது.

வீடு கிடைத்ததே தவிர, வாசல்படி உயரம். ப்ளஸ் டூவில் நான் காமர்ஸ். கால்குலஸ் என்ற சொல்லையே அமெரிக்கா வந்துதான் கேட்டேன். அல்ஜீப்ராவிலிருந்து ஆரம்பித்தேன். வகுப்பில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்கள். நான் கால்குலஸுக்கு வந்தபோது மகளும் பள்ளியில் அதையே படித்தாள். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அவள் எனக்குச் சொல்லிக்கொடுப்பாள். பொறுமை கிடையாது. "அம்மா, யூ ஜஸ்ட் மெமரைஸ்டு இட்" என்று பேனாவைப் பிடுங்கிக்கொள்வாள். மனப்பாடம் செய்யாமல் யோசிக்க நான் கற்றுக்கொண்டது அவளிடம்தான். இயற்பியலில் முதல் தேர்வில் தோற்று, அதே பாடத்தில் கடைசியில் ஏ கிரேடு வாங்கினேன்.

ஊர்க்காரர்கள் கூடும் இடங்களில் கம்யூனிட்டி காலேஜ் என்றாலே குரலைத் தாழ்த்துவார்கள். அங்கே போவது பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியதற்கு அடையாளம் என்று ஒரு நினைப்பு. ஒரு பிறந்தநாள் விழாவில் ஓர் ஆன்ட்டி, இந்த வயதில் ஏன் கஷ்டப்படுகிறாய், ஆறு மாத சர்டிஃபிகேட் வாங்கி டாக்டர் ஆபீஸில் பில்லிங் வேலைக்குப் போகலாமே என்று அக்கறையாகத்தான் கேட்டார். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்றேன்.

அந்த வசந்தத்தில் முதலில் மகளுக்குப் பதில் வந்தது. பொறியியல் கல்லூரியில் இடம் இல்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வேறு ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்று அவளை எடுத்துக்கொண்டது, ஆனால் அவள் மனது இங்கேதான் இருந்தது. அடுத்து எனக்குப் பதில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது, என் பாடங்களில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறையில் நின்றபடியே மறுபடி மறுபடி படித்தேன். பிறகு மகளின் அறைப் பக்கம் பார்த்தேன். அவளுக்குக் கிடைக்காத இடத்துக்கு நான் எப்படித் தினமும் கிளம்பிப் போவேன்?

ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்கப்போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசாதவர். "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணு கண்ணு" என்றார். நான் கேட்பதற்கு முன்பே, எங்கள் பேச்சு காதில் விழுந்து மகளே வெளியே வந்தாள்.

"அம்மா, டோன்ட் டூ திஸ் ஃபார் மீ" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ போகலன்னா நான் ரிஜெக்ட் ஆனது மட்டும்தான் இந்த வருஷம் நடந்ததுன்னு ஆயிடும். எனக்கு அது வேணாம். யூ காட் இன். நீ போ."

கண் சிவந்திருந்தது, குரல் உறுதியாக இருந்தது. நான் படித்ததற்காக அன்று பெருமைப்படவில்லை. இவளைப் பெற்றதற்காகப் பெருமைப்பட்டேன்.

ஆகஸ்டில் அவளை அந்த ஊர் விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். அடுத்த வாரம் நான் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பி ஃப்ரீவேயில் ஏறினேன். முதல் நாள் அறிமுகக் கூட்டத்தின் வாசலில் நின்ற பையன் மிகுந்த மரியாதையோடு, பெற்றோர் அமரும் இடம் அந்தப் பக்கம் என்று காட்டினான். நான்தான் மாணவி என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அவனும் சிரித்துவிட்டான். கழுத்தில் மாட்டிக்கொண்ட அட்டையில் என் பெயருக்குக் கீழே துறையின் பெயர் இருந்தது. கழிவறைக் கண்ணாடியில் அதை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

முதல் செமஸ்டர் சுலபமில்லை. ஏற்றுக்கொள்ளாத புள்ளியியல் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. நிரல் எழுதும் வகுப்பில் மற்றவர்கள் முடித்துவிட்டு எழுந்து போகும்போது நான் பாதியில் இருப்பேன். ஆனால் வேலை அளவீட்டு வகுப்பில் பேராசிரியர், ஒரு வரிசையின் வேகத்தை அதன் மெதுவான இடம்தான் தீர்மானிக்கும் என்று பலகையில் வரைந்தபோது, எனக்கு அந்தக் காலர் மெஷின் கண்முன் வந்தது. அங்கே மட்டும் நான் யாருக்கும் பின்தங்கவில்லை.

அந்த வகுப்புக்கு நாங்கள் மூன்று பேர் குழுவாக ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டும். இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்டில் நான் வழக்கமாக வாங்கும் இனிப்புக் கடையைச் சொன்னேன். தீபாவளி நேரத்தில் அங்கே வரிசை கடைக்கு வெளியே வாகன நிறுத்தம் வரை நீளும். கடைக்காரர் முதலில் தயங்கினார். வியாபாரத்துக்கு இடைஞ்சல் வராது என்று உறுதி கொடுத்ததும், "ஒரு ஓரமா நின்னு பாத்துக்கங்க" என்றார். குழுவின் மற்ற இருவரும் கம்ப்யூட்டரில் கடையை அப்படியே உருவாக்கி ஓட்டிப்பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். நான் நின்று கவனித்தேன். கேட்பது, எடை போடுவது, பெட்டி கட்டுவது, பணம் வாங்குவது எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்தார். மற்றவர்கள் தட்டு நிரப்பிவிட்டு அவருக்காகக் காத்திருந்தார்கள். பெட்டிகளை முன்கூட்டியே கட்டிவைத்து, பணம் வாங்கும் இடத்தைத் தனியாக வாசல் பக்கம் மாற்றலாம் என்று மூவரும் சேர்ந்து பரிந்துரைத்தோம்.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை அவர் அதைச் செய்துபார்த்தார். மகளும் வாரயிறுதிக்கு வந்திருந்தாள்; கணவரோடு மூன்று பேரும் கடைக்குப் போனோம். வெளியே வரிசை இல்லை. உள்ளே கூட்டம் இருந்தது, ஆனால் நகர்ந்துகொண்டே இருந்தது. வாசலில் பில் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் என்னைப் பார்த்து, போன வருடம் இந்நேரம் சண்டையே நடந்தது என்றார். அவ்வளவுதான் சொன்னார், அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

திரும்பிப் பார்த்தால், அதிகம் பேசாத என் கணவர் வரிசையில் முன்னே நின்ற முன்பின் தெரியாத ஒரு அங்கிளிடம், இந்த ஏற்பாட்டைச் செய்தது என் மனைவி, பல்கலைக்கழகத்தில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படிக்கிறாள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். குழுவாகச் செய்தது என்று திருத்தப் போனேன். மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"லெட் ஹிம், அம்மா" என்றாள்.

நான் விட்டுவிட்டேன். அவர் அதற்குள் அந்த அங்கிளின் பின்னால் நின்ற குடும்பத்திடமும் சொல்லத் தொடங்கியிருந்தார். நான் மைசூர்பாகு தட்டைப் பார்ப்பது போல நின்று, ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.